லவோன் வரைந்துவைத்த கோடுகள்

ஆர்டிஸ் தைத்த போர்வையை யார் கையில் கொடுத்தாலும் முதலில் அதைத் திருப்பிப் போட்டுத்தான் பார்ப்பார்கள். நூர்டால் ஊர்ப் பெண்களின் வழக்கம் அது. முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அழகாகக் காட்டிவிடலாம். வண்ண வண்ணத் துணித்துண்டுகளே பாதி வேலையைப் பார்த்துவிடும். குட்டு வெளிப்படுவது பின்பக்கத்தில்தான். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற அந்தச் சின்னஞ்சிறு ஓட்டுத் தையல், பின்பக்கம் போய்ச் சேரும்போது பல்லிளித்துவிடும். ஆர்டிஸின் போர்வையில் அப்படி நடக்காது. எது முன், எது பின் என்று திருப்பிப் பார்த்தவளே குழம்பிப்போய், "அடிப்பாவி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் காப்பி ஊற்றிக்கொள்ளப் போய்விடுவாள்.

இத்தனைக்கும் ஆர்டிஸின் கை ஒன்றும் பூப்போன்ற கை அல்ல. காலையும் மாலையும் பள்ளிக்கூடத்தின் மஞ்சள் பேருந்தை ஓட்டுகிற கை. பனி கொட்டிய சாலையில் அந்தப் பெரிய வண்டியை வளைத்துத் திருப்பி, தூங்கி வழிகிற பிள்ளைகளை வீட்டு வாசலில் அள்ளிப் பள்ளிக்கூடத்தில் கொட்டிவிட்டு வருவாள். வந்ததும் கையைக் கழுவி, ஊசி குத்தாமலிருக்க நடுவிரலில் உலோகக் குப்பியை மாட்டிக்கொண்டு, துணியை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தாளானால், அதே கை வேறு யாருடைய கையோ ஆகிவிடும்.

அந்தக் காட்சியை ஒரு தடவை பார்க்கவேண்டும். விரல் கணு அளவுகூட இல்லாத ஊசி. குப்பி ஊசியின் பின்னால் முட்டுக்கொடுக்க, ஊசி தொட்டில் போல முன்னும் பின்னும் ஆடும். ஆடிக்கொண்டே நாலைந்து தையலை ஒரே மூச்சில் வாரிக்கொள்ளும். பிறகு ஒரே இழுப்பு. சட்டத்துக்கு அடியில் இடது கைவிரல் காத்திருக்கும். ஊசிமுனை அதைத் தொட்டதும் மேலே தள்ளிவிடும். அந்த விரல் நுனி காய்ப்பேறிக் கிடக்கும். அப்படியும் சில நாள் ரத்தம் வரும். துணியில் பட்ட ரத்தத்துளிக்குத் தைத்தவளின் எச்சில்தான் மருந்து. இன்னொருத்தியின் எச்சில் வேலை செய்யாது என்று நூர்டால் பெண்கள் அடித்துச் சொல்வார்கள். நூல் முடிந்ததும் முடிச்சைத் துணிக்குள்ளே இழுத்துப் புதைக்கும்போது 'டுக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே தைக்கிறவர்கள் உண்டு. ஆர்டிஸ் அவர்களில் ஒருத்தி.

அவள் கணவன் ஓரின் ஊராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுபவன். அவனுக்குத் தையலைப் பற்றித் தெரிந்ததெல்லாம், வீட்டில் எந்த அலமாரியைத் திறந்தாலும் துணி தலையில் விழும் என்பதுதான். "உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாடி ஒரு பை பார்த்தேன் ஆர்டிஸ். அது கிழங்கா, துணியா?" என்பான். "ரொம்ப நாளா அங்கதான் இருக்கு" என்பாள் அவள், முந்தின நாள் வாங்கியதை. நூர்டாலில் கணவன்மாருக்கு மனைவிகள் சொல்கிற ஒரே பொய் இதுதான் என்று நினைக்கிறேன். அதையும் யாரும் நம்புவதில்லை.

இந்தக் கை ஆர்டிஸுக்குப் பிறவியில் வந்ததல்ல. வீம்பில் வந்தது. அந்த வீம்புக்குக் காரணம் லவோன்.

கல்யாணமாகி நூர்டாலுக்கு வந்த புதிதில் ஆர்டிஸ், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமைதோறும் கூடுகிற பெண்களோடு போய் உட்கார்ந்தாள். பெரிய சட்டம். சுற்றிலும் நாற்காலிகள். ஏலத்துக்குப் போகிற போர்வை. எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டே தைத்தார்கள், அவளும் தைத்தாள். வீட்டுக்குக் கிளம்பிப் பாதி வழி போனவள், பலகாரம் கொண்டுவந்த கண்ணாடித் தட்டை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினாள். கீழ்த்தளத்தில் லவோன் மட்டும் இருந்தாள். சின்னக் கத்தரியால், ஆர்டிஸ் அன்று முழுக்கத் தைத்ததை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் திடுக்கிட்டிருப்பார்கள். லவோன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இவ்வளவு பெரிய தையல் போட்டா தூங்குறவன் கால்நகம் மாட்டிக்கும்" என்றாள். அவ்வளவுதான். மிச்சத்தையும் பிரித்தாள்.

மோசமான தையலை, தைத்தவள் போன பிறகு சத்தமில்லாமல் பிரித்துத் திருத்துவது அந்தக் கீழ்த்தளத்தில் காலகாலமாக நடப்பதுதான். ஆனால் அதைக் கண்ணால் பார்த்தவள் ஆர்டிஸ் ஒருத்திதான். தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவள் ஓரினிடம்கூடச் சொல்லாமல் அழுதாள். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பழைய மாவு மூட்டைத் துணியை வைத்துக்கொண்டு தைத்தாள், பிரித்தாள், தைத்தாள். மறு வருடம் லவோனுக்கு நேர் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து எத்தனையோ வருடம் எல்லா வியாழக்கிழமைகளும் அதே நாற்காலிதான். அவள் தையலைப் பிறகு யாரும் பிரிக்கவில்லை. லவோன் அதை ஒருநாளும் பாராட்டியதுமில்லை. லவோன் யாரையுமே பாராட்டியதில்லை. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவது பனியில் புதைந்த வண்டியை இழுப்பது மாதிரி.

ஆனால் வரைவாள். மற்றவர்கள் அட்டையில் வெட்டிய அச்சை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, அதன்மேல் தைப்பார்கள். லவோனுக்கு அச்சு வேண்டாம். வெள்ளைத் துணிமேல் குனிந்து கையைச் சும்மா ஓடவிடுவாள். இறகுகள் வளைந்து வளைந்து வரும், கொடி படரும், வாத்துக்கள் எழும்பும். அழிப்பதே கிடையாது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆர்டிஸுக்கு வயிற்றெரிச்சலும் வியப்பும் ஒன்றாக வரும். வியப்புத்தான் அதிகம். வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள், அது வேறு விஷயம்.

அந்த லவோன் போன இலையுதிர் காலத்தில் இறந்துபோனாள். பண்ணை வீட்டில் தனியாக இருந்தவள், ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் மகள் மாரிட், ஒரு தலையணை உறையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆர்டிஸின் வாசலில் வந்து நின்றாள். தைக்கிறவர்கள் முடிக்காத போர்வையைத் தலையணை உறையில்தான் வைப்பார்கள். மாரிட் டுலூத் நகரத்து மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். ஊசி என்றால் அவளுக்கு அந்த ஊசிதான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை ஆர்டிஸின் பேருந்தில் வந்தவள்.

"அம்மா கடைசியா செஞ்சது ஆர்டிஸ். மேல்துணி முடிஞ்சிருக்கு. நடுவுல என்னமோ வரைஞ்சிருக்காங்களாம். கோடை காலத்துல போன்ல சொன்னாங்க, 'உனக்குத்தான், நான் முடிக்கலன்னா ஆர்டிஸ்கிட்ட குடு'ன்னு."

ஆர்டிஸுக்குத் தன் காதையே நம்பமுடியவில்லை. "என்கிட்டயா? அவளா சொன்னா?"

"ஆமா. 'அவ தையலைப் பிரிக்க வேண்டியிருக்காது'ன்னாங்க."

ஆர்டிஸ் சட்டென்று அடுப்பு வேலை இருப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். வெறும் அடுப்புத்தான். அதில் ஒன்றும் இல்லை.

"நீ பாத்தியா, என்ன வரைஞ்சிருக்கான்னு?"

"இல்ல. பிரிக்கவே இல்ல. எனக்கும் அம்மாவுக்கும் எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா? கட்டிப்பிடிச்சது கிடையாது, ஒரு நல்ல வார்த்தை கிடையாது. சின்னப் பிள்ளையா இருக்கும்போது நான் பஸ்ஸுக்காக இருட்டுல ரோட்டுல போய் நிப்பேன். நான் தபால்பெட்டிகிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள சமையலறை லைட்டை அணைச்சிட்டுப் படுக்கப் போயிடுவாங்க. அந்தப் பஸ் வர்றவரைக்கும்கூட முழிச்சிருக்க முடியல." மாரிட் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "எனக்குன்னு அவங்க சொல்லிவச்சது இது ஒண்ணுதான். இப்ப பாத்தா தாங்கமாட்டேன். நீங்க தச்சு முடிங்க. அப்புறம் பாக்குறேன்."

ஜனவரியில் வீட்டைக் காலி செய்ய வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த விளக்கை ஆர்டிஸும் பார்த்திருக்கிறாள். பேருந்தின் உயரமான இருக்கையிலிருந்து பார்த்தால், இருட்டில் அந்தப் பண்ணை வீட்டு ஜன்னல் மட்டும் மஞ்சளாகத் தெரியும். வண்டி நெருங்குவதற்குள் அணைந்துவிடும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறாள் கஞ்சப் பிசினாரி என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

விடுமுறை முடிந்து ஒரு நாள் ஆர்டிஸ் தலையணை உறையை எடுத்தாள். துணி பெரிய சதுரம். ஓரம் முழுக்கப் பழைய சட்டைத் துணிகளை வெட்டிச் சேர்த்த சின்ன முக்கோணங்கள், ரம்பத்தின் பல் போல. நடுவில் ஒரே வெள்ளைப் பரப்பு. மாதக்கணக்கில் மடித்துக் கிடந்ததால் மடிப்பு ஒவ்வொன்றும் கத்தியாக நின்றது. பிரிக்கும்போது ஒரு மூலை மட்டும் கண்ணில் பட்டது: பென்சில் கோடு போல மெல்லிய சாம்பல் கோட்டில், ஒரு காப்பிக் கோப்பை. போர்வையில் கோப்பையா? ஆர்டிஸ் சிரித்துக்கொண்டாள். மிச்சத்தைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை. மடிப்பெல்லாம் போன பிறகு பெரிய மேசையில் விரித்து, காப்பியோடு உட்கார்ந்து, லவோனின் கோடுகளை முதல் தடவையாகத் தலைகீழாக இல்லாமல் நேராகப் பார்க்கவேண்டும் என்று தனக்குத் தானே ஒரு விருந்து வைத்துக்கொண்டாள்.

கோடு போட்ட துணியைத் தேய்க்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். ஆனால் பென்சில் கோட்டைச் சூடு ஒன்றும் செய்யாது என்பதும் அவளுக்குத் தெரியும். மடிப்போடு பஞ்சின்மேல் விரித்தால் போர்வை கோணிக்கொள்ளும். ஆகவே துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமாக, இஸ்திரிப் பெட்டியை நன்றாகக் காயவைத்து, பொறுமையாக, ஓரம் முதல் ஓரம்வரை ஒரு சுருக்கம் விடாமல் தேய்த்தாள். ஆர்டிஸ் எதையுமே அரைகுறையாகச் செய்யமாட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று.

தேய்த்து முடித்துக் காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துணியைத் திருப்பினாள்.

வெள்ளை. ஒரு கோடு இல்லை. கோப்பை இல்லை. பனி பெய்து மூடிய வயல் போலத் துணி பளபளவென்று கிடந்தது.

ஆர்டிஸ் காப்பியை எட்டத் தள்ளி வைத்தாள். பக்கம் மாறிவிட்டதோ என்று மறுபடி திருப்பினாள். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்தாள். கைவிளக்கைச் சாய்த்து அடித்துப் பார்த்தாள். ஓரினின் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து அங்குலம் அங்குலமாகத் தேடினாள். ஒன்றுமில்லை. இறந்துபோன ஒருத்தி தன் மகளுக்கென்று கடைசியாக வரைந்ததை, அந்த மகள் ஒரு தடவைகூடப் பார்க்காததை, அவள் சுத்தமாக அழித்துவிட்டாள். பார்த்த ஒரே கண் அவளுடையது. அதுவும் ஒரு கோப்பையைத்தான் பார்த்தது.

மறுநாள் வியாழக்கிழமை. கீழ்த்தளத்தில் டெலோரஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடைக்கு என்ன புதுச் சாமான் வந்தாலும் முதல் ஆளாக வாங்குகிறவள் டெலோரஸ். உருளுகிற கத்தி, காந்தத் தட்டு, என்னென்னவோ பேனா. ஆர்டிஸுக்கு அதெல்லாம் ஆகாது. டெலோரஸ் எதையாவது செய்து காட்ட ஆரம்பித்தாலே இவள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

"லவோனோட துணி எப்படி இருக்கு? என்னடி வரைஞ்சிருக்கா?" என்றாள் டெலோரஸ்.

ஆர்டிஸ் நூலைக் கோத்தாள். கோத்த நூலையே மறுபடி கோத்தாள். "நல்லாத்தான் இருக்கு."

"சொல்லேன்டி. என்னமோ ராணுவ ரகசியம் மாதிரி!"

"தச்சதும் பாரு."

அந்த நிமிடம் வாயைத் திறந்து நடந்ததைச் சொல்லியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த ஒரு சங்கதி, அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. ஆனால் அவள் சொல்லவில்லை. அந்த நாற்காலிகளுக்கு நடுவே, தான் பெரிய தையல்காரி என்று பேரெடுத்தவள், இஸ்திரி போடத் தெரியாமல் போட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? பெருமை என்று ஒன்று இருக்கிறதே, அது மனுஷரை என்ன பாடு படுத்துகிறது!

வீட்டில் ஓரினிடம் மட்டும் சொன்னாள். அவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு யோசித்தான்.

"நீயே ஏதாவது வரைஞ்சிடேன். எதிர்ல உக்காந்து அவ கையையே பாத்துட்டு இருந்தவதானே நீ? அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?"

அதுதான் பயமே. தெரியாதுதான். லவோனின் இறகுகள் எப்படி ஆரம்பிக்கும், எங்கே வளையும், எங்கே நுனி சுருளும் என்று ஆர்டிஸுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். துணியை மேசையில் விரித்தாள். சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்தாள். ஒரு இறகு போட்டாள். அசல் லவோன். தானே பார்த்துப் பிரமித்துவிட்டாள். அடுத்த இறகுக்குக் கை போனது.

"அவ தையலைப் பிரிக்க வேண்டியிருக்காது."

சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். போட்ட இறகைத் தட்டித் துடைத்தாள். லவோன் தன் வாழ்நாளில் ஆர்டிஸைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. அதை வைத்துக்கொண்டே அவள் மகளை ஏமாற்றுவதா? துணியை மடித்துத் தலையணை உறைக்குள் வைத்தாள்.

மாரிட் வந்துவிட்டாள் என்று தெரிந்ததும், வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, உறையை எடுத்துத் தன் வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பண்ணை வீட்டுத் தபால்பெட்டிவரை போனாள். வண்டியை நிறுத்தினாள். திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். உறையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வரக்கூட மனம் வரவில்லை. இருக்கையிலேயே விட்டுவிட்டு, இன்ஜின் உறையாமல் இருக்க மின்கம்பியைச் செருகிவிட்டு உள்ளே போனாள். அன்று அடித்த குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பதைத் தாண்டியது. எச்சில் துப்பினால் தரையைத் தொடுமுன் கல்லாகிற குளிர்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. ஆனாலும் பேருந்து ஓட்டுகிறவளுக்கு அந்த நேரத்தில் முழிப்பு வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். பொழுது இன்னும் விடியவில்லை. பண்ணை வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது.

வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். மேசையும் இரண்டு நாற்காலிகளும்தான் மிச்சம். மாரிட் காப்பி ஊற்றினாள். ஆர்டிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல், உறையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருங்க ஆர்டிஸ். ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"நின்னுகிட்டே சொல்லிடறேன். உக்காந்தா சொல்லமாட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "உங்க அம்மா வரைஞ்சதை நான் அழிச்சிட்டேன், மாரிட். மடிப்பு எடுக்கத் தேய்ச்சேன். எல்லாம் போயிடுச்சு. ஒரு கோப்பையைத் தவிர நான் எதையும் பாக்கல. என்ன வரைஞ்சிருந்தான்னு இனிமே உலகத்துல யாருக்கும் தெரியாது."

மாரிட் காப்பிக் கெண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"தேய்ச்சீங்களா?"

"ஆமா."

"எப்போ?"

"புது வருஷம் பொறந்ததுமே."

"இவ்வளவு நாளா என்கிட்ட சொல்லல?"

"தைரியம் வரல."

"அந்த ஒண்ணுதான் ஆர்டிஸ்." மாரிட்டின் குரல் உடைந்தது. "இந்த வீடு முழுக்கத் தேடிட்டேன். ஒரு கடுதாசி இல்ல, ஒரு போட்டோவுக்குப் பின்னாடி ஒரு வரி இல்ல. அந்த ஒண்ணுதான் இருந்துச்சு. பயந்துகிட்டு நான் பாக்காம வச்சேன். நீங்க..." முடிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "குடுங்க. வெறும் துணியாவே இருந்துட்டுப் போகட்டும்."

ஆர்டிஸ் உறையிலிருந்து துணியை இழுத்தாள். குளிரில் துணி விறைத்துப்போய் அட்டை மாதிரி வந்தது. மேசைமேல் வைத்து இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்து விரித்தார்கள்.

ஆர்டிஸ் துணியின்மேல் குனிந்தாள்.

கோப்பை இருந்தது.

கோப்பை மட்டுமா? வெள்ளைப் பரப்பு முழுக்க, ஓரத்து முக்கோணங்கள்வரை, கோடுகள். ஒன்றுவிடாமல், ஒரு நுனி குறையாமல், மெல்லிய சாம்பலில் வந்து நின்றன. ஆர்டிஸ் விரலால் தொட்டாள். பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் கிடைக்காததை யார் திருப்பி வரைந்தது? தேவாலயத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை தூங்கி வழிந்திருக்கிறாள் அவள். அந்தச் சமையலறையில் அன்றைக்குத்தான் அவளுக்குத் தலை குனிந்து நிற்கவேண்டும் என்று தோன்றியது. நின்றாள்.

"என்ன சொன்னீங்க நீங்க?" என்றாள் மாரிட். "எல்லாம் இருக்கே!"

"சத்தியமா இல்ல மாரிட். நேத்துவரைக்கும் இல்ல."

மாரிட் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. துணியின்மேல் குனிந்துவிட்டாள். இறகும் இல்லை, கொடியும் இல்லை. லவோன் அதுவரை வரையாத ஒன்றை வரைந்திருந்தாள். நடுவில் ஒரு பெரிய சிலுவைக் கோடு. அது ஜன்னல் சட்டம். அடியில் ஜன்னல் விளிம்பு, அதன்மேல் அந்தக் கோப்பை. சட்டத்துக்கு அப்பால் இடது பக்கம் காற்றைத் தடுக்க நட்ட மரவரிசை, நடுவில் பனிமேடு, வலது பக்கம் சாலை. சாலையோரம் தபால்பெட்டி. தூரத்தில் இரண்டு விளக்கோடு பேருந்து வருகிறது. தபால்பெட்டிக்குப் பக்கத்தில் குல்லாய் போட்ட சின்னப் பெண் ஒருத்தி, முதுகில் பையோடு. முகம் இல்லை. முதுகுதான்.

"திரும்பிப் பாக்கவே இல்ல நான்" என்றாள் மாரிட் மெதுவாக. "கோபத்துல. ஒருநாளும் திரும்பிப் பாக்கல." பிறகு தலையை நிமிர்த்தினாள். "ஆனா அம்மா எப்படி இதை... லைட்டை அணைச்சிட்டுப் படுக்கப் போயிடுவாங்களே?"

ஆர்டிஸ் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே இன்னும் இருட்டு. கண்ணாடியில் அறையின் விளக்கும், அட்டைப்பெட்டிகளும், தங்கள் இரண்டு பேர் முகமும்தான் தெரிந்தன. இத்தனை வருடம் வண்டி ஓட்டியவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

"மாரிட், நீங்கள்லாம் ஏறினதும் நான் பஸ்ஸுல என்ன பண்ணுவேன், ஞாபகம் இருக்கா?"

"உள்விளக்கை அணைப்பீங்க. நாங்க கத்துவோம்."

"ஏன் அணைப்பேன்?"

"ஏன்னா..." மாரிட் நிறுத்தினாள்.

"உள்ள வெளிச்சம் இருந்தா வெளிய ஒண்ணும் தெரியாது, கண்ணு. கண்ணாடியில நம்ம மூஞ்சிதான் தெரியும். ரோட்டைப் பாக்கணும்னா விளக்கை அணைச்சாகணும்."

மாரிட் சுவரோரம் போய் விளக்கை அணைத்தாள்.

அறை இருண்டது. ஜன்னலில் இருந்த முகங்கள் போய்விட்டன. அங்கே மரவரிசை வந்தது. பனிமேடு வந்தது. சாம்பல் வெளிச்சத்தில் சாலையும், சாலையோரம் தபால்பெட்டியும் வந்தன. மேசையில் கிடந்த துணியில் எது எங்கே இருந்ததோ அது அங்கே. ஜன்னல் விளிம்பில், அடுக்கி முடிக்காத சாமான்களோடு, லவோனின் கோப்பையும் இருந்தது. மாரிட் அந்தக் கோப்பைக்குப் பின்னால் போய், அம்மா நின்ற இடத்தில் நின்றுகொண்டு அழுதாள். ஆர்டிஸ் பக்கத்தில் போய் நின்றாள். கட்டிப்பிடிக்கிற பழக்கம் நூர்டாலில் யாருக்கும் கிடையாது, அவள் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் போனில் கேட்ட டெலோரஸ் சிரித்த சிரிப்பு அடுத்த மாவட்டத்துக்குக் கேட்டிருக்கும். "கை நடுங்குது, சுண்ணக்கட்டி பிடிக்க முடியலன்னு லவோன்தான் சொன்னா. நான்தான்டி அவளுக்கு அந்தப் பேனாவைக் குடுத்தேன்! சூடு பட்டா மறையும், குளிர்ல வச்சா திரும்ப வரும். நான் செஞ்சு காட்டினப்ப நீ எந்தப் பக்கம் பாத்துகிட்டு உக்காந்திருந்தே?" ஆர்டிஸ் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டாள். பேனாவின் வித்தைதான் என்று தெரிந்த பிறகும் அவளுக்கு அந்த வியப்புக் குறையவில்லை. எனக்கும்தான்.

போர்வையை நடுவிலிருந்துதான் தைக்க ஆரம்பிக்கவேண்டும், இல்லாவிட்டால் துணி புடைத்துக்கொள்ளும். ஆர்டிஸ் ஜன்னல் சட்டத்தின் சிலுவையில் முதல் ஊசியை இறக்கினாள். ஈஸ்டருக்குள் முடித்துவிட்டாள். கடைசியில் மாரிட்டின் பெயரை ஓரத்தில் தைக்கும்போது விரலில் குத்தி ஒரு துளி ரத்தம் பட்டது. எச்சில் தொட்டு எடுத்துவிட்டாள். போர்வை டுலூத்தில் மாரிட்டின் கட்டிலில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத் திருப்பிப் பார்க்கிறார்களாம். பின்பக்கமும் அதே ஜன்னல், அதே சாலை.

ஆர்டிஸ் இன்னும் பேருந்து ஓட்டுகிறாள். குளிர்கால விடியலில் பண்ணை வீடுகளின் முன்னால் வண்டியை நிறுத்தும்போது, பிள்ளை ஏறியதும் உடனே கிளம்புவதில்லை. விளக்கு அணைந்து இருட்டிக் கிடக்கும் ஜன்னலைப் பார்த்து ஒரு தடவை கையை ஆட்டிவிட்டுத்தான் கிளம்புகிறாள்.